நுண்பாசில்களும் பாறை அடுக்குகளின் காலமும்

(களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பாடம்)

பெங்களூர் நகரின் நீலசந்திராப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறு இறக்குவோர், மேல்மண்ணையும் மக்கிய பாறையையும் கடந்ததும் மிகக் கடினமான நைஸ் என்னும் பாறையை அடைகின்றனர். அதே இனப் பாறை, மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள லால்பாக் தோட்டத்தில் வெறுங்குன்றாக வெளிப்பட்டு நிற்கிறது. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். பெரும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு உருமாறிய அப்பாறையில் எவ்வளவு ஆழம் துளைத்தாலும் ஓர் உயிரினத்தின் சின்னமும் கிட்டாது. அதன் காலத்தைக் கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டே கணிக்க வேண்டியுள்ளது.

ஆனால் அங்கிருந்து தென்கிழக்கே இறங்கி, காவிரியின் கீழ்ப்பகுதியை அடைவோமாயின் நிலைமை முற்றிலும் வேறாகும். அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களில் ஒரு கைப்பிடி களிமண்ணை நீரில் கரைத்துச் சலித்துப் பார்த்தால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் நூற்றுக்கணக்கில் எஞ்சி நிற்கும். அவ்வோடுகளே அக்களிமண் படிந்த காலத்தைக் கூறும் சான்றுகள். அச்சான்றுகளைப் படிக்கும் முறையும், அவற்றால் தென்னிந்தியாவில் தெளிவு பெற்ற செய்திகளும், அவற்றைக் கையாளுங்கால் காக்க வேண்டிய எச்சரிக்கைகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

1. அடுக்கு வரிசையும் அடுக்கிணைப்பும்

ஆற்று நீரோ கடல் நீரோ கொண்டுவந்து சேர்க்கும் மணலும் சேறும் சுண்ணமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகிப் பாறையாகின்றன. பின்னர்ப் புரட்டப்படாத இடங்களில் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்பது 1669-இல் ஸ்டெனோ என்பார் எடுத்துரைத்த எளிய விதி. ஒரே பள்ளத்தாக்கின் சரிவில் நின்று பார்ப்பவர்க்கு இவ்விதி போதுமானது.

இடையே வயல்களும் ஊர்களும் மறைத்திருக்க, நூறு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு சரிவுகளை ஒப்பிட வேண்டுமாயின் இவ்விதி மட்டும் துணை செய்யாது. ஓரிடத்து அடுக்கு, மற்றோரிடத்து எவ்வடுக்கோடு காலத்தால் ஒத்தது என்று காண்பதையே இங்கு அடுக்கிணைப்பு என்கிறோம். பாறையின் நிறத்தையும் பருமையையும் கொண்டு இதனைச் செய்ய முனைவது இயல்பு. ஆயினும் அம்முறை எளிதில் ஏமாற்றும். ஒரே நாளில் கடற்கரையில் மணலும், சற்று அப்பால் சேறும், பவளத்திட்டின் அருகே சுண்ணமும் படிகின்றன. ஆகவே ஒரே காலத்துப் பாறைகள் வெவ்வேறு தோற்றம் பெறலாம். சாம்பல்நிறக் களிமண்ணோ பல காலங்களிலும் படிந்துள்ளது. ஆகவே வெவ்வேறு காலத்துப் பாறைகள் ஒரே தோற்றம் பெறுதலும் கூடும்.

உயிரினங்களின் வரலாறு இவ்வாறு மீண்டும் மீண்டும் வருவதன்று. ஓர் இனம் ஒரு காலத்தில் தோன்றுகிறது, பெருகுகிறது, மறைகிறது. மறைந்த இனம் மீண்டும் தோன்றுவதில்லை. பாசில் என வழங்கும் தொல்லுயிர்ச் சின்னங்கள் காலத்தைக் காட்டுதற்கு அடிப்படை இதுவே. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணிகளை அளந்து வந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வோர் அடுக்கிற்கும் உரிய பாசில் தொகுதி வேறு என்பதைக் கண்டு, அதனைக் கொண்டு 1815-இல் அந்நாட்டின் புவியியற் படத்தை வெளியிட்டார்.

2. நுண்பாசில்கள் யாவை?

நுண்ணோக்கியின் துணையின்றி இனம் காண இயலாத பாசில்கள் நுண்பாசில்கள் எனப்படும். கடலிற் படிந்த பாறைகளில் மிகுதியாகக் காணப்படுபவை பின்வருவன.

பொராமினிபெரா: ஒரே உயிரணுவால் ஆன உயிர்கள். பெரும்பாலானவை சுண்ணத்தால் ஆன ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. ஓடு பல அறைகளாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலான இனங்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஒரு மில்லிமீட்டர் வரை அளவுடையன. கட்ச் பகுதிச் சுண்ணப் பாறைகளிற் காணும் நம்முலைட்டுகள் போன்ற சில மட்டும் காசு அளவிற்கு வளர்ந்தவை. எகிப்தியப் பிரமிடுகளின் கற்களிலும் நம்முலைட்டுகள் நிறைந்துள்ளன.

ரேடியோலேரியாவும் டயாட்டமும்: இவற்றின் கூடுகள் சிலிக்காவால் ஆனவை. முன்னது விலங்கினம் போல் இரை தேடும் ஓரணு உயிர். பின்னது ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி வகை.

காக்கோலித்துகள்: மிதக்கும் நுண்பாசிகளின் உடலை மூடியிருந்த சுண்ணத் தகடுகள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுடைமையால் இவற்றைக் காண ஆயிர மடங்கு பெருக்கம் வேண்டும்.

ஆஸ்ட்ரகோடுகள்: இறாலின் தூரத்து உறவினமாகிய சிற்றுயிர்கள். அவரைக் கொட்டை போன்ற இரட்டை ஓடு உடையவை. கடலிலும் நன்னீரிலும் வாழ்பவை.

கோனோடான்டுகள்: மறைந்துபோன மீன்போன்ற கடல் உயிர்களின் பல் வடிவ உறுப்புகள். டிரயாசிக் காலத்திற்கும் அதற்கு முற்பட்ட காலங்களுக்கும் உரிய பாறைகளில் பெரிதும் பயன்படுவன.

3. காலங்காட்டும் பாசிலுக்கு வேண்டிய இயல்புகள்

எல்லாப் பாசில்களும் காலத்தைச் செவ்வையாகக் காட்டுவதில்லை. சிறந்த காலங்காட்டிக்கு நான்கு இயல்புகள் வேண்டும். அவ்வினம் குறுகிய காலமே வாழ்ந்திருத்தல், பரந்த நிலப்பரப்பில் விரைந்து பரவியிருத்தல், ஏராளமாகக் கிடைத்தல், ஐயமின்றி இனம் காணத்தக்க வடிவுடையதாதல் என்பன அவை.

கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் பொராமினிபெராக்களிடம் இந்நான்கும் ஒருங்கே அமைந்துள்ளன. நீரோட்டம் அவற்றை ஒரு கடலினின்று மற்றொரு கடலுக்கு எடுத்துச் செல்கிறது. இறந்தபின் அவற்றின் ஓடுகள் கீழேயுள்ள தரை மணலோ சேறோ எனப் பாராமல் எங்கும் மழைபோல் விழுகின்றன. ஆகவே மணற்பாறையையும் களிப்பாறையையும் காலத்தால் இணைக்க அவை உதவுகின்றன. கடலடியில் வாழும் இனங்கள் அவ்வாறல்ல. அவை நீரின் ஆழத்திற்கும் தரையின் தன்மைக்கும் ஏற்பவே வாழும். காலம் உரைப்பதில் அவை பிற்பட்டனவாயினும், படிந்த இடத்தின் ஆழத்தை உணர்த்துவதில் முற்பட்டவை. ஒரு மாதிரியில் மிதவை இனங்கள் மிகுந்து அடித்தள இனங்கள் குறைந்திருப்பின் அது கரையிலிருந்து விலகிய ஆழ்கடற் படிவு என்று பொதுவாகக் கொள்ளலாம்.

பெரிய பாசில்கள் போதாவோ என்னும் வினா எழலாம். நிலத்தின் மேல் வெளிப்பட்ட பாறைகளில் அம்மொனைட் போன்ற பெரிய பாசில்கள் சிறந்த காலங்காட்டிகளே. ஆயின் துளைக்கருவி அம்மொனைட்டை நொறுக்கிப் பொடியாக்கிவிடும். நுண்பாசிலோ அப்பொடியினுள்ளும் பழுதின்றித் தங்கியிருக்கும். இக்காரணத்தால் எண்ணெய் தேடும் தொழில் வளர்ந்தபோது நுண்பாசிலியலும் உடன் வளர்ந்தது. அமெரிக்காவின் டெக்ஸாஸ், லூசியானா கரையோரத்தில் கிணற்றுத் துகள்களிலிருந்த பொராமினிபெராக்களைக் கொண்டு அடித்தள அடுக்குகளை வகைப்படுத்திய எஸ்தர் ஆப்லின், ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நிக்கர் என்னும் மூன்று பெண்மணிகள் 1925-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனைகளுள் ஒன்று.

4. காவிரிப் படுகையின் பாறைத் தொகுதிகள்

1851-இல் தொடங்கப்பெற்ற இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எச். எப். பிளான்போர்டு, 1857 முதல் 1860 வரை பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கிரிட்டேஷியஸ் காலப் பாறைகளை அளந்து, 1862-இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அவர் வகுத்த முப்பெரும் தொகுதிகளின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அரியலூர்த் தொகுதியின் மேற்பகுதி, பின்னர் நின்னியூர்த் தொகுதி எனத் தனியே பிரிக்கப்பட்டது. இப்பாறைகளின் சிப்பி, நத்தை, அம்மொனைட் முதலியவற்றை ஸ்டோலிஸ்கா என்னும் அறிஞர் 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் விரிவாக வருணித்தார்.

கீழிருந்து மேலாக இத்தொகுதிகளின் வரிசை வருமாறு:

ஊட்டத்தூர்த் தொகுதி: ஏறத்தாழ 11 கோடி முதல் 9.3 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. கல்லக்குடிப் பகுதியின் பவளச் சுண்ணப் பாறையும், காரை கிராமத்தை அடுத்துப் பள்ளமும் மேடுமாக அரிப்புண்டு கிடக்கும் களிப்பாறையும் இதனுள் அடங்கும்.

திருச்சிராப்பள்ளித் தொகுதி: ஏறத்தாழ 9.3 கோடி முதல் 8.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. மணற்பாறையும் சிப்பிச் சுண்ணப்பாறையும் மிகுந்தது.

அரியலூர்த் தொகுதி: ஏறத்தாழ 8.4 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. சில்லக்குடி மணற்பாறை, கல்லங்குறிச்சிச் சுண்ணப்பாறை, ஒட்டக்கோவில் மணற்பாறை, கல்லமேடு மணற்பாறை என்பன இதன் பிரிவுகள். கல்லங்குறிச்சிப் பாறை சிமெண்டுத் தொழிலுக்குப் பயன்படுவது.

நின்னியூர்த் தொகுதி: 6.6 கோடி ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. பாசிச் சுண்ணப்பாறைகளை உடையது.

இவ்வரிசையிற் காணும் ஆண்டுக் கணக்கைப் பாசில்கள் நேரே தருவன அல்ல என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குத் தெளிவுறுத்தல் வேண்டும். பாசில் உரைப்பது முன்பின் வரிசையையே. உலகில் எங்கேனும் அதே பாசில்களைக் கொண்ட அடுக்கினிடையே எரிமலைச் சாம்பல் படிந்திருக்குமாயின், அதன் கதிரியக்கத்தை அளந்து ஆண்டு கணிக்கின்றனர். அவ்வாண்டு, அப்பாசில் கிட்டும் மற்ற இடங்களுக்கும் அடுக்கிணைப்பின் வழியே பொருந்துகிறது. பாறையிற் பதிந்த பூமியின் காந்தத் திசைமாற்றங்களும் இக்கணக்கைச் சரிபார்க்க உதவுகின்றன.

சாத்தனூரிலுள்ள கல்மரத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். நிலத்தில் வளர்ந்து, கடலுள் அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லான மரம் அது. அம்மரம் தன் காலத்தைத் தானே உரைப்பதன்று. அதனைச் சூழ்ந்துள்ள திருச்சிராப்பள்ளித் தொகுதியின் கடற்பாசில்களே, அது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதை நமக்கு அறிவிக்கின்றன.

காரைக் களிப்பாறையில் ரொட்டாலிபோரா என்னும் மிதவைப் பொராமினிபெராப் பேரினம் கிடைக்கிறது. ஓட்டின் விளிம்பைச் சுற்றி ஒற்றை வரம்பு ஓடுவது அதன் அடையாளம். இப்பேரினம் ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், சினோமேனியன் என்னும் உட்காலத்தின் இறுதியை ஒட்டி உலகக் கடல்களினின்று மறைந்தது. ஆகவே அது கிட்டும் காரைக் களிமண், பெயரும் நிறமும் வேறாயினும், ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் அதே இனங்களைக் கொண்ட பாறைகளோடு காலத்தால் ஒத்ததாகிறது. அரியலூர்த் தொகுதிக்கு உரிய குளோபோட்ரங்கானா பேரினத்தில், ஓட்டின் விளிம்பில் இரட்டை வரம்பு காணப்படும். அது கிரிட்டேஷியஸ் காலத்தின் இறுதியில் அடியோடு அழிந்தது. 1968-இல் எம். வி. ஏ. சாஸ்திரி, பி. ஆர். ஜே. ராவ், வி. டி. மாம்கெயின் ஆகியோர் இப்பகுதியின் மேற்கிரிட்டேஷியஸ் பாறைகளைப் பாசில் மண்டலங்களாக வகுத்து வெளியிட்டனர்.

5. நின்னியூர் வினாவும் பெங்களூர் ஆய்வாளரும்

நின்னியூர்ப் பாறைகள் கிரிட்டேஷியஸ் காலத்தின் முடிவைச் சார்ந்தனவா, அடுத்த யுகத்தின் தொடக்கத்தைச் சார்ந்தனவா என்பது நெடுங்காலம் நிலவிய வினா. அம்மொனைட்டுகள் அவற்றில் இல்லை. ஆகவே நுண்ணிய சான்றுகளை நாட வேண்டியதாயிற்று.

இப்பணியில் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் புவியியற் பேராசிரியர் எல். இராம ராவின் பங்கு சிறப்புடையது. அவரும் சுண்ணப்பாசி வல்லுநராகிய வியன்னாவின் ஜூலியஸ் பியாவும் நின்னியூர்ப் பாறைகளை மெல்லிய சீவல்களாக அரைத்து, அவற்றுள் அடங்கிய பாசிகளை ஆராய்ந்து 1936-இல் நூலாக வெளியிட்டனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1958-இல் இந்தியப் புவியியற் கழகம் தோன்றியபோது, அதனை நிறுவுவதில் முன்னின்றவர்களுள் இராம ராவும் ஒருவர். தம் காலடியிலுள்ள பாறையில் பாசிலே இல்லாத ஒரு நகரம் பாசில் ஆய்விற்கு நிலைக்களமாக விளங்கியது இவ்வாறே.

1936-ஆம் ஆண்டு நூலின் தலைப்பு, நின்னியூரை மேற்கிரிட்டேஷியஸ் பாறை என்றே குறிக்கின்றது. அக்காலத்தில் டேனியன் என்னும் உட்காலத்தைக் கிரிட்டேஷியஸின் இறுதிப் பகுதியாகக் கொள்வது பெருவழக்கு. மிதவைப் பொராமினிபெராக்களை உலகெங்கும் ஒப்பிட்டபின், டேனியன் பாறைகளில் குளோபோட்ரங்கானா முதலிய பழைய இனங்கள் இல்லாமையும், முற்றிலும் புதிய சிற்றினங்கள் தோன்றியிருத்தலும் புலப்பட்டன. ஆகவே டேனியன், பேலியோசீன் காலத்தின் முதற்பகுதியாக மாற்றப்பட்டது. நின்னியூர்த் தொகுதியும் அதனோடு எல்லைக்கோட்டின் மேற்பக்கம் சென்றது. பாறை இடம் மாறவில்லை. எல்லையை எங்கே வரைவது என்னும் அறிவே திருத்தம் பெற்றது. பழைய அறிக்கைகளைப் படிக்கும் களப் பணியாளர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கிரிட்டேஷியஸ் முடிவிற் படிந்த கல்லமேடு மணற்பாறை ஆறுகளால் படிந்தது. அதில் டைனசோர் எலும்புகள் கிடைக்கின்றன. கடல் பின்வாங்கிய அக்காலத்திற்குரிய கடல் நுண்பாசில்கள் அவ்விடத்தில் இல்லை. ஆகவே உயிர்களின் பேரழிவு நிகழ்ந்த அத்தறுவாயை இடைவெளியின்றிப் படிக்க அரியலூர்ச் சரிவுகள் இடந்தருவதில்லை. அதற்கு வேறிடம் நாட வேண்டும்.

6. இராஜமுந்திரி எரிமலைப் பாறைகள்

தக்காணத்தின் கருங்கற் பீடபூமி, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பரவி உறைந்தது. மேற்கே மகாராஷ்டிரத்தில் அதன் பருமன் 2000 மீட்டருக்கு மேற்படும். இப்பெருவெடிப்புகள் எக்காலத்தில் நிகழ்ந்தன என்பது இந்தியப் புவியியலின் பெருவினாக்களுள் ஒன்று. குழம்பு அடுக்குகளுக்கு இடையே அமைதி நிலவிய காலங்களில் படிந்த சேற்றுப் பாறைகள் உள்ளன. உள்நாட்டில் அவை குளங்களில் படிந்தவை. நன்னீர் நத்தைகளும் செடிகொடிகளுமே அவற்றிற் காணப்படும். கடலின் காலவரிசையோடு அவற்றை நேரே பொருத்த இயலாது.

கோதாவரியின் முகப்பிலுள்ள இராஜமுந்திரியில் மட்டும் எரிமலைக் குழம்பு கடற்கரை வரை வந்தது. அங்கே இரு குழம்பு அடுக்குகளுக்கு இடையே கடலோரப் படிவு சிக்கியுள்ளது. எரிமலையின் காலத்தைக் கடலின் காலத்தோடு பிணைக்கும் அரிய முடிச்சு இதுவாகும். 1930களில் பெங்களூர் ஆய்வாளர்களான எஸ். ஆர். நாராயண ராவும் கே. ஸ்ரீபாத ராவும் இப்படிவின் பொராமினிபெராக்களை ஆராய்ந்தனர். சுண்ணப்பாசிகளும் உடன் ஆராயப்பட்டன. இச்சான்றுகள் அப்படிவு கிரிட்டேஷியஸிற்குப் பிற்பட்டது என்னும் கருத்திற்கு வலுவூட்டின.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2008-இல் கெர்டா கெல்லரும் உடனாய்வாளரும் இராஜமுந்திரிக் கற்சுரங்கங்களின் இப்படிவில் டேனியனின் தொடக்கத்திற்கே உரிய மிதவைப் பொராமினிபெராக்களைக் கண்டனர். பேரழிவிற்குப்பின் முதன்முதல் தோன்றிய மிகச் சிறிய இனங்கள் அவை. அப்படிவிற்குக் கீழுள்ள குழம்பு, பேரழிவின் எல்லையை ஒட்டி உறைந்தது என்பது இதனாற் பெறப்பட்டது. தக்காணப் பாறைகளின் கதிரியக்க ஆண்டுகளும் 6.6 கோடியை ஒட்டியே அமைகின்றன.

இதன் பயன் பெரிது. இத்தாலியின் குப்பியோ நகரருகே, பெரிய பொராமினிபெராக்கள் திடீரென மறையும் இடத்தில், சென்டிமீட்டர் அளவேயான களிமண் அடுக்கில் இரிடியம் என்னும் உலோகம் வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருப்பதை 1980-இல் ஆல்வாரஸ் குழுவினர் அறிவித்தனர். விண்கல் மோதலே பேரழிவிற்குக் காரணம் என்னும் கொள்கை அதிலிருந்து எழுந்தது. தக்காண எரிமலைகளின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்திற்கு உரியது. விவாதம் எவ்வாறு முடியினும், எது முன், எது பின் என்னும் அடிப்படை வினாவிற்கு விடை, ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த ஓடுகளிலேயே அடங்கியுள்ளது.

7. துளைக் கிணறுகளில் அடுக்கிணைப்பு

அரியலூரில் வெளிப்பட்டுள்ள அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து, இளைய படிவுகளுக்கும் காவிரி வண்டலுக்கும் அடியில் மறைகின்றன. 1956-இல் அமைந்த எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் இப்படுகையில் எண்ணெய் தேடியபோது, மேற்பரப்பிற் கற்ற பாசில் வரிசை ஆழத்திற் கண்ட துகள்களைப் படிக்க அகரவரிசையாய் உதவியது.

விளக்கத்திற்காக மட்டும் க, ச, ட என மூன்று கிணறுகளை மேற்கிலிருந்து கிழக்காக, பத்துப் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் கற்பனை செய்து கொள்வோம். சாம்பல்நிறக் களிப்பாறை க-வில் 400 மீட்டரிலும், ச-வில் 700 மீட்டரிலும், ட-வில் 950 மீட்டரிலும் தென்படுகிறது. நிறத்தை மட்டும் கருதினால், ஒரே அடுக்கு கிழக்கு நோக்கி ஒழுங்காகச் சரிகிறது என்று முடிவு செய்வோம்.

பாசில்களைப் பார்த்தால் க-வின் களிமண்ணிலும் ட-வின் களிமண்ணிலும் ரொட்டாலிபோரா உள்ளது. ச-வின் களிமண்ணில் அது இல்லை, குளோபோட்ரங்கானா உள்ளது. அது இளைய களிமண். ச-வில் ரொட்டாலிபோரா முதலில் தென்படுவது 1150 மீட்டரில், அதுவும் மணல் கலந்த சுண்ணப்பாறையில். ஆகவே மெய்யான அடுக்கு 400, 1150, 950 என்னும் ஆழங்களில் செல்கிறது. அது ச-வில் தாழ்ந்து, ட-வை நோக்கி மீண்டும் உயர்கிறது. எண்ணெயும் வாயுவும் நீரினும் இலேசானவை. நுண்துளை அடுக்கின் வழியே உயர்ந்த பக்கம் நோக்கியே நகரும். உயர்வே இல்லை என்று காட்டும் படத்தை நம்பி அடுத்த கிணற்றின் இடத்தைத் தேர்ந்தால், அதற்காகும் பெரும்பொருளும் உழைப்பும் வீணாகும். பாசில் ஆய்வு செலவு என்று கருதப்படாமல் காப்பீடு என்று கருதப்படுவதன் காரணம் இதுவே.

8. தவறு நேரும் இடங்கள்

முதலாவது, கிணற்றுச் சுவரின் சரிவு. துளைக்கும்போது மேலடுக்கின் துகள்கள் கீழே உதிர்ந்து, கீழடுக்கின் மாதிரியிற் கலக்கின்றன. ஆகவே இளைய பாசில் ஆழத்திற் கிடைப்பது வியப்பன்று. துகள் மாதிரிகளில் ஓர் இனம் மேலிருந்து கீழாக முதன்முதல் தென்படும் ஆழமே நம்பத்தக்கது. கடைசியாகத் தென்படும் ஆழம் நம்பத்தக்கதன்று.

இரண்டாவது, இடம்பெயர்ந்த பாசில். பழைய பாறை அரிப்புண்டு அதன் ஓடுகள் புதிய சேற்றில் மீண்டும் படியலாம். அவை தேய்ந்தும், நிறம் மாறியும், உடன் கிடைப்பவற்றோடு பொருந்தாமலும் இருக்கும். ஒரு மாதிரியில் இருவேறு காலத்து இனங்கள் கலந்திருந்தால், இளையதே படிவின் காலம் என்று கொள்ளல் வேண்டும். துகள் மாதிரியாயின், முதலில் சரிவு நேரவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, இன்மையை மறைவாகக் கருதுதல். ஆழம் குறைந்த கடலில் மிதவை இனங்கள் குறைவு. அமில நீர் ஊறிய பாறையில் சுண்ண ஓடுகள் கரைந்துபோகும். ஓர் இனம் கிட்டாமை மட்டுமே அவ்வினம் அழிந்தமைக்குச் சான்றாகாது. இக்காரணங்களால் ஒற்றை இனத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், இனத்தொகுதியைக் கொண்டே முடிவு செய்தல் முறை.

9. மாதிரி எடுக்கும் முறை

மக்கிய மேற்பரப்பை வெட்டி நீக்கி, புதிய பாறையிலிருந்து ஏறத்தாழ 250 கிராம் எடுக்க வேண்டும். கீழிருந்து மேலாக எடுத்துச் செல்வது நலம். மேலேயிருந்து உதிரும் மண் கீழ் மாதிரியிற் கலவாது. ஒவ்வொரு மாதிரிக்கும் தனிப்பை வேண்டும். இடம், அடுக்கு, அடித்தளத்திலிருந்து உயரம், நாள் ஆகியவற்றைப் பையின் வெளியிலும் உள்ளே இட்ட சீட்டிலும் குறிக்க வேண்டும். சீட்டு இழந்த மாதிரி எவ்வளவு சிறந்த பாசில்களைக் கொண்டிருப்பினும் பயனற்றது. சுத்தியலை ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் துடைத்தல் வேண்டும்.

களிப்பாறையாயின் சிறு துண்டுகளாக உடைத்து உலர்த்தி, சலவைச் சோடா கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைக்கலாம். பின்னர் 63 மைக்ரான் கண்ணுடைய சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையின்கீழ், தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். எஞ்சியதை மிதமான சூட்டில் உலர்த்தி, கருந்தட்டில் பரப்பி, இருகண் நுண்ணோக்கியின்கீழ் ஈரப்படுத்திய மெல்லிய தூரிகையால் ஓடுகளைப் பொறுக்கி எடுக்கலாம். அடுத்த மாதிரிக்குமுன் சல்லடையை நன்கு கழுவ வேண்டும். கண்களில் சிக்கிய ஓடுகள் சாயநீரில் நிறமேறினால் அடையாளம் காண எளிதாகும். கரையாத சுண்ணப்பாறையாயின், மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு பருமனுள்ள சீவலாக அரைத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

10. ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

பாறை கிட்டாத பள்ளியிலும் இப்பாடத்தைச் செய்முறையாகக் கற்பிக்கலாம். மண்டபம், இராமேசுவரம் போன்ற பவளத்திட்டுக் கரைகளின் மணலில் இக்காலத்துப் பொராமினிபெரா ஓடுகள் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி மணலைக் கருந்தாளிற் பரப்பி, கைலென்சால் நோக்கி, வடிவம் வேறான ஓடுகளை மாணவர் வரைந்து வகைப்படுத்தலாம். சாத்தனூர்க் கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதனையும் எடுத்தலாகாது. காரைச் சரிவுகள் போன்ற இடங்களிலும் காண்பதும் குறிப்பதுமே மாணவர்க்குப் போதும். பாசில் தன் அடுக்கில் இருக்கும்வரையே சான்று. பெயர்த்தெடுத்துப் பையிலிட்டபின் அது வெறும் கல்.

வகுப்பிற்குரிய வினாக்கள்:

(1) ஒரே நிறமும் பருமையும் உடைய இரு களிப்பாறைகள் ஒரே காலத்தவை என்று கொள்வது ஏன் தவறாகும்?

(2) மிதவை இனங்களும் அடித்தள இனங்களும் நமக்கு அறிவிக்கும் செய்திகள் எவ்வாறு வேறுபடுகின்றன?

(3) ஒரு துளைக்கிணற்றின் துகள்களில் குளோபோட்ரங்கானா 500 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை கிடைக்கிறது. ரொட்டாலிபோரா 900 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை கிடைக்கிறது. இவற்றுள் எவ்வாழங்களை நம்பலாம்? 1000 மீட்டரிற் கிடைத்த குளோபோட்ரங்கானாவிற்கு விளக்கம் யாது?

(4) இராஜமுந்திரியில் குழம்பு அடுக்குகளுக்கு இடையே உள்ள படிவு நன்னீர்ப் படிவாக இருந்திருப்பின், தக்காண எரிமலைகளின் காலம் பற்றிய நம் அறிவில் எக்குறை நேர்ந்திருக்கும்?

(5) லால்பாக் குன்றின் வயதையும் காரைக் களிமண்ணின் வயதையும் அறியும் முறைகள் எவ்வாறு வேறுபடுகின்றன? அவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?